பஸ்கியில் எதுவரை இறங்க வேண்டும்? அசைவு வீச்சும் தசையும் ஹார்மோனும்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் ஜிம்முக்குப் போகிற பையன்களிடம் இப்போது ஒரு குழப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் “ஃபுல் ரெப் போடு”, அதாவது ஒவ்வொரு முறையும் முழுதாக இறங்கி முழுதாக ஏறு என்கிறார். கைபேசியில் வரும் குட்டி வீடியோ, “பாதி ரெப் போதும், அதுவும் கீழ்ப்பாதி மட்டும் போடு” என்கிறது. இன்னொரு வீடியோ, “ஆழமா ஸ்குவாட் (பஸ்கி) போட்டா டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) எகிறும், கையும் நெஞ்சும் சேர்ந்தே வளரும்” என்று அடித்துச் சொல்கிறது. மூன்றுமே அறிவியலின் பெயரைச் சொல்லித்தான் வருகின்றன.

முதல் இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. அவற்றுக்குள் பெரிய சண்டையும் கிடையாது. மூன்றாவது தவறு. அந்தத் தவறு கடைசியில் ஊசி மருந்து வரை கொண்டுபோய் விடக்கூடியது என்பதால் அதை விரிவாகவே பார்க்க வேண்டும். அடிப்படையிலிருந்து போகலாம்.

வீச்சு என்பது எது?

ஒரு மூட்டு எவ்வளவு மடங்கி எவ்வளவு நீள்கிறதோ, அந்தத் தூரம்தான் அசைவு வீச்சு. அதைப் பாகையில் அளப்பார்கள். கால் நேராக நிற்கும்போது முழங்கால் மடக்கம் 0. நாற்காலியில் உட்காரும் அளவு மடக்கினால் ஏறத்தாழ 90. பிள்ளையார் முன்னால் ஒழுங்காகப் போடும் தோப்புக்கரணத்திலும், பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் போட்ட பஸ்கியிலும் பிட்டம் குதிகாலை நெருங்கும்; அங்கே 130, 140 பாகை வரை போகும். இன்று ஜிம்களில் ‘ஹாஃப் ஸ்குவாட்’ என்று சொல்வது 90 அல்லது அதற்கும் முன்பே நின்றுவிடுவது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூட்டின் வீச்சும் தசையின் வீச்சும் ஒன்றல்ல. சில தசைகள் ஒரே மூட்டைத் தாண்டுகின்றன, சில இரண்டு மூட்டுகளைத் தாண்டுகின்றன. பின்தொடைத் தசை இடுப்பையும் முழங்காலையும் தாண்டும். மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸின் நீளத் தலை (அதன் பிரிவுகளில் ஒன்று) தோளையும் முழங்கையையும் தாண்டும். அதனால் முழங்கை அதே அளவு மடங்கி நீண்டாலும், கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் டிரைசெப்ஸ் அதிகம் இழுபட்ட நிலையில் இருக்கும். பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தால் சுருங்கிய நிலையில் இருக்கும். ‘ஃபுல் ரெப்பா, ஹாஃப் ரெப்பா’ என்ற சண்டையில் இந்த விஷயத்தை யாரும் கேட்பதே இல்லை. எந்த நீளத்தில் தசை சுமை தாங்கியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தசைக்குள் நடப்பது

தசை இழைக்குள் சார்கோமியர் என்ற நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு நீளம்தான். அதற்குள் ஆக்டின், மயோசின் என்ற இரு வகை இழைகள், இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். தசை சுருங்கும்போது இவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உள்ளே போகின்றன. 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைச் சொன்னார்கள். 1966இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் என்ற மூவர் தவளையின் தசை இழையை வைத்து, நீளத்துக்கும் விசைக்கும் உள்ள உறவை அளந்து காட்டினார்கள்.

அந்த அளவீட்டில் தெரிந்தது:

1. விரல்கள் பாதி கோத்திருக்கும் இடைப்பட்ட நீளத்தில்தான் தசையின் சொந்த விசை உச்சம்.

2. முழுதாகச் சுருங்கியபோது இழைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன, விசை விழுகிறது.

3. மிக நீண்டபோது இழைகள் ஒன்றையொன்று பிடிக்கும் இடம் குறைகிறது. அப்போதும் சொந்த விசை விழுகிறது.

ஆனால் மூன்றாவது நிலையில் இன்னொரு சமாசாரம் சேர்ந்துகொள்கிறது. டைட்டின் என்ற ராட்சதப் புரதமும், தசையைச் சுற்றியிருக்கும் உறைகளும் இழுபட்டு விறைக்கின்றன. தசை சுருங்க முயல்கிற இழுவிசையும், நீட்டப்பட்டதால் வரும் இழுவிசையும் ஒரே நேரத்தில் இழையின்மேல் விழுகின்றன. இந்த இழுவிசையைத் தசைச் செல் உணர்ந்து, எம்டார் என்ற புரதக் கட்டுப்பாட்டுப் பாதையை முடுக்கிவிடுகிறது. புதுப் புரதம் கட்டப்படுகிறது. தசை வளர்வதற்கான முதல் கட்டளை இதுதான். இது சுமை விழுந்த இழைக்குள்ளேயே நடக்கிறது, ரத்தத்தில் எங்கும் சுற்றி வருவதில்லை. கீழே ஹார்மோன் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

நீண்ட நிலையில் தொடர்ந்து சுமை தாங்கினால், சார்கோமியர்கள் வரிசையில் கூடுதலாகச் சேரவும் செய்கின்றன. தசைக் கற்றை நீளமாகிறது. எடைப் பயிற்சி செய்தால் உடம்பு இறுகிப்போகும் என்று நம்மூரில் இன்னும் சொல்கிறார்கள். முழு வீச்சில் செய்தால் நடப்பது எதிர்மாறு: நெகிழ்வு கூடுகிறது, அதுவும் தனியாக நீட்டல் பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஜப்பானில் குபோவும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 17 ஆண்கள், 10 வாரம். ஒரு அணி 140 பாகை வரை இறங்கி ஸ்குவாட் போட்டது, இன்னொன்று 90 வரை. முன்தொடைத் தசை இரு அணிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 5 விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. பிட்டத் தசையிலும் உள்தொடையிலும்தான் வித்தியாசம். பிட்டம் ஆழமாக இறங்கியவர்களுக்கு 6.7, பாதியில் நின்றவர்களுக்கு 2.2. உள்தொடை 6.2, 2.7. ஆக, பாதி ஸ்குவாட் எதுவுமே செய்யாது என்று சொல்ல முடியாது. முன்தொடைக்கு அது போதும். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுக்குத்தான் பெரிய நட்டம். இன்னொரு செய்தி: பின்தொடைத் தசை இரண்டு அணியிலுமே வளரவில்லை. ஸ்குவாட் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது 2023இல் பிரேசிலிலிருந்து வந்தது. 42 இளம் பெண்கள், 8 வாரம், ஆடுசதைக்கான குதிகால் தூக்கும் பயிற்சி. ஒரு அணி குதிகால் கீழே இறங்கி ஆடுசதை இழுபடும் பாதியை மட்டும் செய்தது. ஒரு அணி முழு வீச்சு. மூன்றாவது அணி மேலே சுருங்கும் பாதி மட்டும். ஆடுசதையின் உள்பக்கத் தலை முறையே 15.2, 6.7, 3.4 விழுக்காடு வளர்ந்தது. கீழ்ப்பாதி மட்டும் செய்தவர்கள் முழு வீச்சையே முந்திவிட்டார்கள். குட்டி வீடியோக்களின் கூச்சலுக்கு இந்த ஆய்வுதான் பெரிய தீனி.

மூன்றாவதாக, மயேயோ என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு செய்தது. ஒரே ஆளின் ஒரு கை தலைக்கு மேலே, மறு கை உடம்பை ஒட்டி. இரண்டு கையிலும் முழங்கை அசைவது ஒரே வீச்சு. 12 வாரத்தில் மேலே தூக்கிய கையின் டிரைசெப்ஸ் ஏறத்தாழ 20 விழுக்காடும், மற்றது 14 விழுக்காடும் வளர்ந்தன. தலைக்கு மேலே தூக்கிய கை குறைந்த எடையைத்தான் தள்ளியது என்பது கூடுதல் சேதி. இதே குழு பின்தொடைக்கும் செய்து பார்த்திருக்கிறது: உட்கார்ந்து கால் மடக்குவது, குப்புறப் படுத்து மடக்குவதைவிடக் கூடுதல் பலன் தந்தது. உட்காரும்போது இடுப்பு மடங்கி அந்தத் தசை இழுபட்டிருக்கிறது என்பதுதான் காரணம்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. டிரைசெப்ஸை நடு வீச்சில் மட்டும், தளரவிடாமல் வேலை வாங்கிய ஓர் ஆய்வில் பாதி வீச்சு அணிக்கே கூடுதல் வளர்ச்சி வந்தது. தசை எப்போதும் விறைத்தே இருந்ததால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, உள்ளே ஆக்சிஜன் குறைந்தது காரணம் என்றார்கள். ஏற்கெனவே நன்றாகப் பயிற்சி பழகியவர்களை வைத்து 2025இல் வந்த ஆய்விலோ, இழுபட்ட நிலைப் பாதி வீச்சும் முழு வீச்சும் மேலுடம்பில் சமமாகவே முடிந்தன.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கணக்கு இது. சுருங்கிய பாதியை மட்டும் செய்வதுதான் தெளிவாகத் தோற்கிறது. இழுபட்ட முனை உள்ளே இருக்கும்வரை, முழு வீச்சா கீழ்ப்பாதியா என்பதில் சாதாரண ஆளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆடுசதைக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். மாஸ்டரும் வீடியோவும் சொல்வது இரண்டும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஸ்குவாட்டில் மேல்பாதி எளிது, கீழ்ப்பாதி கடினம். அதனால் எடைத் தட்டுகளை ஏற்ற ஏற்ற, ஆழம் தானாகக் குறைந்துகொண்டே வரும். பார்க்கிறவன் கண்ணுக்குத் தட்டுதானே தெரியும், முழங்கால் பாகையா தெரியப்போகிறது!

நம்மூர்த் தேவைகளில் இதன் பொருள்

வளர்ச்சி வேறு, வலு வேறு. எந்தக் கோணத்தில் பழகுகிறோமோ அந்தக் கோணத்தில்தான் வலு முதலில் கூடும். தென் மாவட்டங்களில் காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் பையன்களுக்கு இது நேரடியான விஷயம். காவலர் உடல்திறன் தேர்வில் கயிறு ஏற வேண்டும். கயிற்றைப் பிடிக்கும் நொடியில் கை முழுதாக நீண்டு, முதுகின் அகன்ற தசை உச்ச நீளத்தில் இருக்கும். அக்னிவீர் தேர்வில் 10 புல்-அப்புக்கு 40 மதிப்பெண். பார் கம்பியில் முழங்கையை நேராக்காமல் பாதியில் நின்று எண்ணிக்கொண்டவனுக்கு அங்கே எண்ணிக்கை விழாது. மூன்று மாதம் மேல்பாதியில் மட்டும் இழுத்துப் பழகினால், தொங்கும் நிலையிலிருந்து முதல் இழுப்புக்கே உடம்பு திணறும்.

வள்ளியூர் அருகே வடலிவிளையில் பொங்கலுக்குத் தூக்கும் இளவட்டக்கல்லையும் பாருங்கள். கல் கிடப்பது தரையில். குந்தி, இடுப்பை முழுதாக மடக்கித்தான் அதை அணைக்க முடியும். தரையிலிருந்து மடிக்குக் கொண்டுவரும் அந்தக் கட்டத்தில் பிட்டமும் பின்தொடையும் இழுபட்ட நிலையிலேயே முழுச் சுமையையும் தாங்குகின்றன. வழவழப்பான உருண்டைக் கல்லில் பாதி வீச்சுக்கு வழியே கிடையாது.

ஆழமாக இறங்கினால் முழங்கால் போய்விடுமா?

இந்தப் பயம் 1961இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் சொன்னதிலிருந்து பரவியது. ஆழமான ஸ்குவாட் முழங்கால் தசைநார்களைத் தளர்த்திவிடும் என்றார். பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆரோக்கியமான முழங்காலுக்கு, படிப்படியாக எடை கூட்டினால், ஆழம் ஆபத்தில்லை. ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்கள், தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தவர்கள் கதை வேறு. அவர்கள் வலி வராத பாகையில் நிற்பதே சரி. தரையில் குந்துவதை விட்டுப் பல வருடமானவர்களுக்குக் கணுக்கால் இறுகியிருக்கும். அவர்கள் இறங்கும்போது குதிகால் தூக்கும், முதுகு வளையும். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

ஹார்மோன் கதை எங்கிருந்து வந்தது?

பெரிய தசைகளை, அதிகச் செட்டுகளில் (இடையில் நிற்காமல் போடும் ரெப்களின் தொகுதி ஒரு செட்), குறைந்த ஓய்வோடு வேலை வாங்கினால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் உயரும். இது உண்மை. ஆழமாக இறங்கினால் ஒவ்வொரு ரெப்பிலும் செய்யும் வேலை கூடுகிறது, கடுமையாக உழைக்கும் தசையில் உருவாகும் லாக்டேட் என்ற பொருள் கூடுகிறது; அந்த உயர்வுக்கு அதுவும் துணைபோகும். இதிலிருந்து ‘லெக் டே (கால் பயிற்சி நாள்) போட்டால் கையும் வளரும்’ என்று ஒரு தாவல் தாவினார்கள். பிழை அந்தத் தாவலில்தான்.

1. உயர்வு சொற்ப நேரம். பயிற்சி முடிந்து அரைமணி, ஒரு மணியில் பழைய நிலைக்கு வந்துவிடும். இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடுதலாகவும் மாலையில் நாலில் ஒரு பங்கு வரை குறைந்தும் இருப்பது இயல்பு. தினமும் தானாக நடக்கும் அந்த ஏற்ற இறக்கத்தால் யாருக்கும் கை பெருத்ததில்லை.

2. நேரடியாகச் சோதித்தாகிவிட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களுக்கு 15 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கைக்குத் தனியாகப் பயிற்சி. மறு கைக்கு வேறு நாளில், பயிற்சி முடிந்த கையோடு கடுமையான கால் பயிற்சியும் சேர்த்து. ரத்தத்தில் ஹார்மோன் நன்றாக ஏறியது. முடிவில் இரண்டு கைகளும் ஒரே அளவு வளர்ந்திருந்தன, வலுவிலும் வித்தியாசம் இல்லை. வேறு முடிவு சொன்ன ஆய்வு ஒன்று நார்வேயிலிருந்து 2011இல் வந்தது உண்மைதான். ஆனால் 2016இல் அதே மெக்மாஸ்டர் 49 பேரை வைத்து மறுபடி பார்த்தபோதும், யாருக்கு ஹார்மோன் அதிகம் ஏறியதோ அவருக்குத் தசை அதிகம் வளர்ந்தது என்ற தொடர்பு கிடைக்கவில்லை.

3. பெண்களைப் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. ஆனாலும் தொடக்க அளவோடு ஒப்பிட்டு விழுக்காட்டில் கணக்கிட்டால் தசை வளர்ச்சி ஆண்களை ஒட்டியே வருகிறது. மேலே சொன்ன 15 விழுக்காடு ஆடுசதை வளர்ச்சி பெண்களுடையது.

4. வளர்ச்சி ஹார்மோன், பெயரைப் பார்த்து நாம் நினைப்பதுபோல, ஆரோக்கியமான பெரியவர்களின் தசை இழையைப் பெருக்குவதில்லை. தசைநாண், உறைகளில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்துக்குத்தான் அது அதிகம் உதவுகிறது.

‘அப்படியானால் ஊசி போட்டவன் எப்படி வளர்கிறான்?’ நல்ல கேள்விதான். அதற்கும் விடை உண்டு. 1996இல் பாசினும் உடன் ஆய்வாளர்களும் 43 ஆண்களுக்கு 10 வாரம் சோதனை நடத்தினார்கள். சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், சிலருக்குப் போலி மருந்து. மருந்து மட்டும் எடுத்துப் பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பற்ற எடை 3.2 கிலோ கூடியது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.9. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1. இயல்பு அளவைப் பல மடங்கு தாண்டி, இரவும் பகலும் வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும்போது ஹார்மோன் தசையை மாற்றுகிறது. ஸ்குவாட் போட்டதும் அரைமணி நேரம் இயல்பு எல்லைக்குள்ளேயே எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் உயர்வு வேறு சாதி.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதில்தான் வியாபாரமே நடக்கிறது. முதலில் ‘டெஸ்டோ ஏத்தணும்’ என்று நம்பவைப்பார்கள், ஸ்குவாட்டால் ஏறவில்லை என்றதும் ஒரு டப்பா பொடி, அப்புறம் ஊசி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விதைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், நிறுத்திய பிறகு இயல்புக்குத் திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். மார்பு வீங்கும், ரத்தக் கொழுப்பு கெடும், இதயத் தசை தடிக்கும். மாத்திரை வடிவங்கள் கல்லீரலையும் பதம் பார்த்துவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது.

உண்மையில் கணக்கில் எடுக்க வேண்டிய ஹார்மோன்

எடைப் பயிற்சியால் நிலையாக மாறும் ஹார்மோன் தொடர்பு ஒன்று உண்டென்றால் அது இன்சுலினோடுதான். யாரும் இதற்கு வீடியோ போடுவதில்லை.

உணவுக்குப் பின் இன்சுலின் ரத்தத்திலிருந்து அகற்றும் சர்க்கரையில் பெரும்பங்கு எலும்புத் தசைக்குத்தான் போகிறது. தசை சுருங்கும்போது ‘குளூட்4’ என்ற கடத்திப் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலின் துணை இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. பயிற்சி முடிந்தும் ஒரு நாள், இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. இது வேலை செய்த தசையில் மட்டும் நடப்பது. பிட்டம், உள்தொடை போன்ற பெரிய தசைகளும் வேலை செய்தால் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடம் கூடும். ஆழமான ஸ்குவாட்டுக்கு ஹார்மோன் பக்கத்திலிருந்து ஒரு நியாயம் சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கம் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு, ஜிம் பையன்களைவிட இது முக்கியமான தகவல். இடுப்பும் முழங்காலும் மணிக்கணக்கில் மடங்கியே இருக்கின்றன. தசை நீளத்தில்தான் இருக்கிறது, சுமைதான் இல்லை. நீண்டிருந்தால் மட்டும் தசை வளராது. சுவரையோ கட்டில் சட்டத்தையோ பிடித்துக்கொண்டு, முழுதாக உட்கார்ந்து எழுவதை வாரத்தில் இரண்டு மூன்று நாள், சில செட்டுகள் செய்தாலே தொடக்கத்துக்குப் போதுமான சுமை கிடைக்கும். இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும்.

நடைமுறையில்

1. வலியில்லாமல், கட்டுப்பாட்டோடு இறங்க முடிந்த ஆழம் எதுவோ அதுதான் உங்கள் முழு வீச்சு. அந்த ஆழம் குறையத் தொடங்கினால் எடையைக் குறையுங்கள்.

2. இறங்கும்போது விழாதீர்கள். இழுபட்ட முனையில் எகிறிக் குதித்து எழுந்தால், சுமை விழ வேண்டிய இடத்திலேயே சுமை இல்லாமல் போகிறது.

3. இரு மூட்டுத் தசைகளுக்கு நிலையைத் தேர்ந்தெடுங்கள். டிரைசெப்ஸுக்குக் கை தலைக்கு மேலே. பின்தொடைக்கு உட்கார்ந்து மடக்குவது, அல்லது முழங்காலை லேசாக மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து எழுவது. ஆடுசதைக்குப் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்குவது.

4. முழு ரெப் முடியாமல் போன பிறகு, அதே செட்டின் கடைசியில் கீழ்ப்பாதியில் மூன்று நான்கு அரை ரெப் சேர்க்கலாம். கீழ்ப்பாதி வீடியோக்களில் எடுத்துக்கொள்ளத்தக்க பகுதி இவ்வளவுதான். பெஞ்ச் பிரஸ்ஸிலும் பாரை முதுகில் வைத்துப் போடும் ஸ்குவாட்டிலும் ஆள் துணை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

5. காயத்திலிருந்து மீள்பவர்களுக்கு மேல்பாதியே தொடக்கப் புள்ளி. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உட்காரும் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். வீச்சு கூடுவதையும் எடை கூடுவதையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம்.